வன்னியில் பழம்புத்தகம்: ஆண்டைக் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது "எந்த ஆண்டுப் புத்தகம்?" என்ற கேள்விதான். நூறு வருடம் என்றால் கண் விரியும். ஐம்பது என்றால் ஆர்வம் பாதியாகிவிடும். பழம்புத்தகத்தோடு பழகியவர்கள் வேறு மூன்று விஷயங்களை முதலில் பார்ப்பார்கள். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா? பூச்சியோ பூஞ்சணமோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதா? யார் யார் கை மாறி வந்தது? இவை தெரிந்த பிறகே ஆண்டு பயன்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் இந்த வரிசை இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் இங்கே கிடைக்கும் பழைய புத்தகம் எதுவும் ஒரே அலுமாரியில் சும்மா இருந்து பழசானதாக இருப்பது அபூர்வம்.

வன்னிக்கென்று பழைய அச்சுக்கூட மரபு கிடையாது. இலங்கைத் தமிழ்ப் புத்தகத்தின் 19ஆம் நூற்றாண்டு பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்தது. அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் தொடங்கியது. 'உதயதாரகை' 1841இல் வரத் தொடங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அங்கே அச்சானவையும் சென்னையில் அச்சாகித் தோணியேறி வந்தவையும் வன்னிக்குள் வந்தது மனிதர் கையோடுதான்: வாத்தியார்மார், கோயில் ஐயர்மார், பாதிரிமார், பிறகு இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்களுக்குக் காணி பெற்று வந்த விவசாயக் குடும்பங்கள். ஆகவே முறிகண்டிக்குத் தெற்கே ஒரு வீட்டில் பழைய புராணப் பதிப்பு இருந்தால், அது ஒருதடவையாவது பயணம் செய்த புத்தகம்.

பிறகு வந்த பயணங்கள் வேறு மாதிரியானவை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் போனபின், பல பழைய யாழ்ப்பாணப் பதிப்புகளுக்குத் தனியார் வீடுகளே கடைசிப் புகலிடமாயின. 1995 ஒக்டோபர் 30இல் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது அந்த வீடுகளில் ஒரு பகுதி தென்மராட்சிக்கும், அடுத்த ஆண்டில் அங்கிருந்து கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கும் வந்தது. சைக்கிள் கரியரில் அரிசிப்பையோடு கட்டப்பட்ட புத்தகங்களும் அதில் இருந்தன. 2004 டிசம்பர் 26 கடற்கோள் முல்லைத்தீவு நகரக் கரையை அள்ளிக்கொண்டு போனது. 2008, 2009இல் மன்னார்ப் பக்கம் தொடங்கிய இடப்பெயர்வு முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, காகிதம் என்று யாரும் கையில் வைத்திருந்தது பெரும்பாலும் அடையாள அட்டையும் காணி உறுதியும்தான். இவ்வளவும் கடந்து ஒரு புத்தகம் மிஞ்சியிருக்கிறது என்றால், அது எப்படி மிஞ்சியது என்பதும் அதன் நிலையைச் சொல்லும் குறிப்பில் சேர வேண்டும் என்பதே என் கட்சி.

இன்று வன்னியில் சேகரிக்கக் கிடைப்பவை எவை? 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள் மிகக் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி யாழ்ப்பாணப் பதிப்புகள் கொஞ்சம் கிடைக்கும். இவற்றைவிட மதிப்புள்ளவையாக நான் கருதுவது, யாரும் புத்தகம் என்றே எண்ணாதவற்றைத்தான். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுத்த 'கல்வெட்டு' எனும் நினைவு நூல்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டுவிழா மலர்கள், வாக்கிய பஞ்சாங்கங்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் கைப்பட எழுதிய கோவலன் கூத்துக் கொப்பிகள், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க நாடகமான வாசாப்பின் ஏடுகள், மாட்டு வாகடமும் விஷகடி வைத்தியமும் எழுதிய ஓலைச் சுவடிகள். ஒரு கிராமத்தின் நாலு தலைமுறை உறவுமுறையை ஒரு கல்வெட்டுப் பிரசுரத்தின் வம்சாவளிப் பக்கத்தில் பார்க்கலாம். வேறெங்கும் அது அச்சில் இராது.

சரி, நிலைக்கு வருவோம். ஆங்கிலப் பழம்புத்தக வியாபாரத்தில் நிலையைச் சொல்ல ஒரு படிவரிசை உண்டு. 1949இல் அமெரிக்காவின் ஒரு புத்தக வியாபார வார இதழ் அந்தச் சொற்களுக்கு வரையறை வகுத்தது. பெரும்பாலும் அதன் வழியில்தான் இன்றும் போகிறார்கள். அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தால் ஒரு பெயர், அடுத்து ஃபைன், வெரி குட், குட், ஃபெயார், புவர். இந்த வரிசையில் குட் என்பது மேல்படி இல்லை. பாவித்துத் தேய்ந்த, ஆனால் எல்லாப் பக்கமும் உள்ள சாதாரணப் பிரதிக்கு அந்தப் பெயர். ஃபெயார் என்றால் உரை முழுமையாக இருக்கும், ஆனால் முன் வெற்றுத்தாளோ அரைத்தலைப்புப் பக்கமோ போயிருக்கலாம். நூலக முத்திரை உள்ள பிரதி எந்தப் படியில் இருந்தாலும் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மேலுறை உண்டா, அது கிழிந்ததா என்பதும் தனிக் கணக்கு. 20ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களின் முதற்பதிப்பில் அந்தக் கடதாசி மேலுறை இருப்பதும் இல்லாததும் விலையைப் பல மடங்கு மாற்றும்.

இந்த அளவுகோலை அப்படியே வன்னிப் புத்தகத்தில் வைத்தால் எல்லாமே கடைசி இரண்டு படியில் விழும். விழுந்த பிறகு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. அதற்காக நனைந்து ஊறிய புத்தகத்தை "போரைக் கடந்த பிரதி" என்று மெழுகி மேல்படியில் ஏற்றுவதும் நேர்மையில்லை; கறை கறைதான். ஒரு சொல்லில் படி கொடுப்பதை விட்டு, நாலு வரியில் விவரம் எழுதுவதே இங்கே வேலைக்கு ஆகும். என்ன இருக்கிறது, என்ன இல்லை, என்ன சேதம், சேதம் நின்றுவிட்டதா தொடர்கிறதா. அந்த ஒழுங்கில் எழுதினால் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் பார்க்காமலே புரிந்துகொள்வார்.

முதல் வேலை பக்கம் எண்ணுவது. கடைசிப் பக்க எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முழுமை என்று சொல்லக்கூடாது. பெரிய தாளை அச்சடித்து மடித்தால் 8 அல்லது 16 பக்கம் வரும். அந்த மடிப்புக்கு அச்சுக்கூடத்தில் பாரம் என்பார்கள். பழைய நூல்களில் ஒவ்வொரு பாரத்தின் முதற்பக்க அடியிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும். அந்த எண்கள் வரிசையாக வந்தால் நடுவில் கொத்தாக எதுவும் கழன்று விழவில்லை. முகவுரை, சிறப்புப்பாயிரம், சாத்துகவி போன்ற முன்பக்கங்களுக்குத் தனி எண் வரிசை ஓடும். அவை போனால் உரைப்பக்க எண் காட்டிக் கொடுக்காது. முடிவில் பிழைதிருத்தம், சில நூல்களில் கையொப்பக்காரர் பட்டியல், அதற்கும் பின்னால் அச்சகத்தின் விளம்பரப் பக்கங்கள். முன்பணம் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் வரும் கையொப்பப் பட்டியல் ஆய்வாளருக்குப் பொன். விளம்பரப் பக்கத்தில் இன்று பிரதியே இல்லாத நூல்களின் பெயரும் விலையும் இருக்கும். கட்டுகிறவர் முதலில் கழற்றி எறிவதும் அந்தப் பக்கங்களைத்தான்!

தலைப்புப் பக்கம் இல்லாத புத்தகங்கள் இங்கே ஏராளம். மேலட்டையும் முதல் தாள்களும்தான் முதலில் தேயும், முதலில் நனையும். அப்போது ஆண்டைக் கண்டுபிடிக்கச் சில பிடிகள் உண்டு. முகவுரையின் கீழ் தமிழ் வருடப் பெயர் இருந்தால் நல்லது, ஆனால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "விரோதி வருடம் தை" என்று போட்டிருந்தால் அது 1890ஆகவும் இருக்கலாம், 1950ஆகவும் இருக்கலாம். விரோதி 1889 சித்திரையிலும் 1949 சித்திரையிலும் பிறந்தது. தை, மாசி, பங்குனி ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குள் போய்விடும். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காததால் ஓராண்டு பிந்தியோ முந்தியோ பதிவாகிய நூல்கள் நூற்பட்டியல்களில் நிறைய. சாலிவாகன சகாப்த எண் கொடுத்திருந்தால் 78ஐக் கூட்டினால் போதும்; தை, மாசி, பங்குனி என்றால் 79ஐ. தமிழ் எண்களில் ௲௮௱௫௰ என்று இருந்தால் 1850.

அறுபதில் எந்தச் சுற்று என்று முடிவுசெய்ய விலையைப் பாருங்கள். இலங்கையில் ரூபாவும் சதமும் 1872இல் வந்தன. ஆகவே சதத்தில் விலை இருந்தால் அதற்குப் பிந்திய இலங்கைப் பதிப்பு. அணாவில் இருந்தால் 1957க்கு முந்திய இந்தியப் பதிப்பு என்று பெரும்பாலும் கொள்ளலாம். அச்சகப் பெயரும் உதவும். மானிப்பாய் மிஷன் அச்சு ஒரு காலம், வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச யந்திரசாலை இன்னொரு காலம், சுன்னாகம் திருமகள் அழுத்தகம் மற்றொரு காலம். எழுத்துருவை மட்டும் நம்ப வேண்டாம். யானைத்தும்பிக்கை போட்ட பழைய ணை, லை, னை வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் மாற்றியது. இலங்கையில் ஈய எழுத்துக் கோத்த அச்சகங்கள் அதற்குப் பிறகும் கையிருப்பு எழுத்தையே பாவித்தன. எனவே பழைய லை இருக்கிறது என்பதற்காக ஒரு கோயில் மலரை 1940க்குத் தள்ள முடியாது.

இன்னொரு பொறி மறுபதிப்பு. வின்சுலோவின் பேரகராதி 1862இல் சென்னையில் வந்தது. அதைப் புதுதில்லிப் பதிப்பகம் ஒன்று பின்னர் நிழற்பட முறையில் பலமுறை வெளியிட்டது. உள்ளே பழைய தலைப்புப் பக்கம் அப்படியே 1862 என்று நிற்கும். ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலுக்கும் இதே கதை. வன்னியைப் பற்றிச் சேகரிக்கும் எவரும் முதலில் தேடுவது அந்த ஆங்கில நூலைத்தான். கையில் கிடைப்பது அனேகமாக மறுபதிப்பு. விரலால் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்தி அச்சடித்த தாளின் பின்புறத்தில் மெல்லிய மேடு தட்டுப்படும். நிழற்பட மறுபதிப்பில் தாள் வழுவழுப்பாக இருக்கும், எழுத்தின் விளிம்பு சற்றுக் கலங்கியிருக்கும். படிப்பதற்கு மறுபதிப்பு தாராளமாகப் போதும். விலைதான் வேறு.

சிறு நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 16 பக்கப் பதிகம், 24 பக்கக் கும்மி, 32 பக்க ஊஞ்சற்பா எல்லாம் தனியாக நிற்காது. அக்காலத்து வீட்டுக்காரர் ஐந்தாறை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி முதுகில் பெயர் எழுதாமல் விட்டிருப்பார். வெளியே பார்த்தால் அட்டை போன ஒரே புத்தகம். உள்ளே பார்த்தால் வேறு வேறு அச்சகம், வேறு வேறு ஆண்டு. இந்தக் கட்டைப் பிரிக்கக்கூடாது. எது எதோடு சேர்ந்து வாசிக்கப்பட்டது என்பதற்கு அந்தக் கட்டே சான்று. பிரித்தால் ஓரத்தாள்கள் இரண்டு கட்டாயம் போகும்.

தாளைப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். 1840களின் மிஷன் பிரசுரம் வெள்ளையாக, மடக்கினால் மடங்கும். 1940களின் புத்தகம் மஞ்சளாகி, புரட்டினால் ஓரம் பொரிந்து விழும். முந்தியது பருத்திக் கந்தலில் செய்த தாள். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் காலப்போக்கில் அமிலத்தை உண்டாக்கித் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. வெப்பமும் ஈரமும் அந்த அரிப்பை வேகப்படுத்தும். வன்னியில் இரண்டுக்கும் குறைவில்லை. இது பூச்சியைப் போல் கொன்று நிறுத்தக்கூடியதும் இல்லை. ஆகையால் சேகரிப்பவர் ஒருவருக்கு நேரமும் பணமும் அளவோடு இருந்தால், 1850ஆம் ஆண்டுப் புத்தகத்தை விட 1950ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குத்தான் அவசரம் அதிகம். முந்தியது காத்திருக்கும்.

தாளைப் பற்றிப் பேசும்போது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை விட முடியாது. அச்சுத் தாளும் மையும் தட்டுப்பாடான அந்த ஆண்டுகளில் பத்திரிகைகளும் சிறு பிரசுரங்களும் கோடு போட்ட கொப்பித் தாளிலும், பச்சை, ரோசா என்று கிடைத்த நிறத்தாளிலும் வெளிவந்தன. இன்று அவற்றைப் பட்டியலிடும் வெளியூர்க்காரர் சிலர் "தரமற்ற தாள், கோடுகள் தெரிகின்றன" என்று குறையாக எழுதிவிடுகிறார்கள். அது பிரதியின் குறை இல்லை; அப்படித்தான் வெளிவந்தது. பதிப்பின் இயல்பையும் பிரதிக்கு நேர்ந்த சேதத்தையும் பிரித்து எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மை மங்கலாக இருப்பதும் அப்படியே: வெயில்பட்டு மங்கியதா, அச்சகத்தில் மை இல்லாமல் அடித்ததா என்று பாருங்கள். அச்சகத்து மங்கல் புத்தகம் முழுக்க ஏறி இறங்கி வரும். வெயில் மங்கல் வெளிப்பக்கத்தில் மட்டும் நிற்கும்.

இனி, வன்னிக்கே உரிய ஒரு சேதத்தைக் கிட்டப் பார்க்கலாம். கடைசி இடப்பெயர்வுகளில் பலர் பாத்திரம், தையல் மெசின், பத்திரங்கள், சாமிப்படம், புத்தகம் எல்லாவற்றையும் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனார்கள். மீள்குடியேறிய பிறகு கிண்டி எடுத்தவற்றில் புத்தகங்களும் உண்டு. ஒட்டுசுட்டான் பக்கத்து வீடொன்றில் அப்படி எடுத்த புராணப் பதிப்பு ஒன்றை விரித்துப் பார்த்தேன். பொலித்தீனில் சுற்றி, யூரியாப் பைக்குள் போட்டு, றங்குப் பெட்டியில் வைத்துத் தாட்டது. "உதில என்ன இருக்கு தம்பி, எறியாமல் வைச்சிருக்கிறன், அவ்வளவுதான்" என்றார் வீட்டு அம்மா.

புத்தகத்தின் அடிவிளிம்பில் மண்ணிறக் கறைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு மாரியில் தண்ணீர் ஏறி நின்ற மட்டம். தண்ணீர் தாளுக்குள் ஏறும்போது அழுக்கையும் அமிலத்தையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், நின்ற இடத்தில் விட்டுவிட்டுக் காயும். அதனால்தான் கறையின் நடுப்பகுதி வெளிறியும் விளிம்பு கறுத்தும் இருக்கும். அந்த விளிம்பில்தான் தாள் முதலில் முறியும். துணியட்டையின் சிவப்புச் சாயம் முன்னிரண்டு தாளில் ஊறியிருந்தது. அட்டைக்குள் இருந்த பலகைத் தாள் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. நடுவில் இருந்த படத்தாள்கள் நாலும் ஒரே கட்டியாக ஒட்டிவிட்டன. பளபளப்பான அந்தத் தாளின் வெண்களிமண் பூச்சு ஈரத்தில் பசையாகிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கத்தி வைத்தால் படம் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் போகும். ஆனால் தையல் நூல் அறவில்லை. பருத்தி நூலில் தைத்ததால் பாரங்கள் எல்லாம் வரிசை கலையாமல் இருந்தன. அதே பெட்டியில் இருந்த பாடசாலை மலரில் கம்பி அடித்திருந்தார்கள். கம்பி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியிருந்த தாளைத் தின்று, நடுத்தாள்கள் தனியாகக் கழன்றுவிட்டன.

அந்தப் புராணத்துக்கு எழுதக்கூடிய குறிப்பு இப்படி இருக்கும்: "உரை முழுமை, பாரங்கள் வரிசையில். தலைப்புப் பக்கம் உண்டு, கீழ்மூலை இழப்பு, எழுத்து பாதிக்கப்படவில்லை. படத்தாள் நான்கும் ஒட்டிப் பிரிக்க முடியாத நிலை. அடிவிளிம்பு முழுவதும் நீர்க்கறை, முதல் இரு தாளில் சாயம். மேலட்டை கழன்றது, மூலத் தையல் உறுதி. பூஞ்சணத் தடம் உண்டு, தற்போது செயலற்றது. மண்ணுக்குள் இருந்து எடுக்கப்பட்டது." கடைசி வரியைச் சிலர் வேண்டாம் என்பார்கள், விலை குறையுமாம். அந்த வரி இல்லாவிட்டால் மேலே சொன்ன சேதங்கள் எப்படி ஒன்றாக வந்தன என்று யாருக்கும் விளங்காது.

பூச்சிகளை அவை விட்டுப்போன தடத்தைப் பார்த்தே இனங்காணலாம். கறையான் மண்ணோடு வரும். கீழிருந்து ஏறி, அட்டையைத் தொடாமல் உள்ளே குடைந்து பள்ளமாக்கும். வெளியே முழுப் புத்தகம், திறந்தால் கிண்ணம். புத்தக வண்டின் புழு குண்டூசி அளவில் வட்டத் துளை போட்டு, பக்கம் பக்கமாக நேராகவோ வளைந்தோ போகும். இராமபாணப் பூச்சி துளைக்காது. மேற்பரப்பைச் சுரண்டும், தாள் சல்லடையாக மெலியும். கரப்பான் துணியட்டையின் கஞ்சியை நக்கிப் புள்ளி புள்ளியாக நிறம் போக்கும். சேதம் பழையதா புதியதா என்று அறிய, புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு மூன்று கிழமை விடுங்கள். அடியில் மாவாகத் தூள் விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அப்போது அதே பையோடு உறைபெட்டியில் வைக்கலாம். வீட்டு உறைபெட்டியின் கழித்தல் 18 பாகை இரண்டு கிழமையில் முட்டை முதல் எல்லாவற்றையும் முடிக்கும். வெளியே எடுத்தபின், அறைச்சூட்டுக்கு வரும் வரைக்கும் பையைத் திறக்க வேண்டாம். பூச்சி உருண்டை விரட்டுமே தவிர, தாளுக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது.

பூஞ்சணத்துக்குக் காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் போதும். வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வன்னி வீட்டு அலுமாரிக்குள் அது சர்வசாதாரணம். மயிர்த்தூரிகையால் தொட்டால் தூளாகப் பறப்பது உறங்கும் பூஞ்சணம். ஈரமாக இழுபடுவது வளரும் பூஞ்சணம். இரண்டையும் முகக்கவசம் போட்டு, வெளியே வைத்துத்தான் துடைக்க வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் நின்றபோது நனைந்த புத்தகங்களை மக்கள் வெயிலில் விரித்தார்கள். மனசு புரிகிறது. ஆனால் உச்சிவெயிலில் தாள் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து நெளிந்து, அட்டை முறுகிவிடும். நிழலில், காற்றாடிக்கு எதிரே, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக வெற்றுத்தாள் செருகி, ஊறியதும் மாற்றிக்கொண்டிருந்தால் தப்பும். இரண்டு நாளைக்குள் தொடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சணம் முந்திவிடும்.

பல புத்தகங்களில் கறையானை விட அதிகச் சேதம் செய்தவர்கள் அவற்றைத் திருத்தியவர்கள்தான். செலோரேப் முதலிடம். ஐந்தாறு வருடத்தில் ரேப் உரிந்து விழும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும், அதை வீட்டில் எடுக்க வழியில்லை. அப்புறம் லமினேட். கோயில் பட்டோலை, பழைய வரைபடம், தலைப்புப் பக்கம் என்று கண்டதையும் பிளாஸ்ரிக்கில் சூடாக்கி ஒட்டுவது. உள்ளே அமிலத்தாள் அவிந்துகொண்டிருக்கும், வெளியே எடுக்க முடியாது. மூன்றாவது, கட்டுகிற இடத்தில் விளிம்பைச் சமன்செய்ய வெட்டுவது. ஓரத்தில் எழுதியிருந்த பழைய வாசகர் குறிப்பும், சில வேளை மேல்வரியும் அந்த வெட்டில் போகும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது பூச்சியைத் தடுத்தது உண்மை, தாளை அரிப்பதும் உண்மை. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கோதுமை மாப்பசையும் மெல்லிய, நார் நீண்ட, அமிலமில்லாத தாளும் போதும். தண்ணீர் தொட்டால் பிரியக்கூடியதாக ஒட்டு இருக்க வேண்டும். கட்ட நேரமில்லையா, ஒரு பருத்தி நாடாவால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டி, அட்டைப்பெட்டியில் படுக்கவைத்துவிடுங்கள்.

பெயர், முத்திரை, குறிப்பு இவை எல்லாம் ஆங்கிலப் படிவரிசையில் குறைகள். இங்கே நான் அப்படிக் கொள்வதில்லை. முன்தாளில் ஒரு பெயர் அளவெட்டி முகவரியோடு, அதன் கீழ் அதே கையெழுத்தில் மல்லாவி, அதன் கீழ் வேறு கையெழுத்தில் செட்டிகுளம் முகாம் என்று இருந்தால், அது அந்தப் புத்தகம் இடம்பெயர்ந்த பாதை; அந்தத் தாளுக்கு அழிறப்பர் காட்டாதீர்கள். ஆனால் முத்திரை இன்னொரு கேள்வியையும் எழுப்பும். சனசமூக நிலையம், பாடசாலை நூலகம், ஆலய வாசிகசாலை என்று எத்தனையோ முத்திரைகள் வரும். இடப்பெயர்வில் நூலகம் சிதறிப் புத்தகம் யாரோ கையில் தப்பியிருக்கலாம், அவர் காப்பாற்றியவர். அதற்காக அது அவருடையதாகிவிடாது. நிலையம் இன்னும் இயங்குகிறது என்றால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். திருப்பிக் கொடுப்பதா, படியெடுத்துக்கொண்டு கொடுப்பதா என்பது பிறகு பேசிக்கொள்ளலாம். கழித்துவிட்ட நூல் என்ற குறிப்பு இல்லாத நூலக முத்திரைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது சேகரிப்பவருக்கு நல்லது.

ஓலைச் சுவடிக்கு அளவுகோல் வேறு. பனையோலை நன்றாகப் பேணினால் இருநூறு, முந்நூறு ஆண்டு நிற்கும். அதனால் பழைய நூலும் இளைய ஓலையில் படியாக இருக்கலாம். ஏட்டெண் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும், அதைக் கொண்டு குறைந்த ஏடுகளைக் கணக்கிடலாம். கயிற்றுத் துளை கிழிந்து ஓரம் வரை போயிருக்கிறதா, சட்டப்பலகை இருக்கிறதா, எழுத்தில் தடவிய கரி நிற்கிறதா என்று பாருங்கள். காய்ந்த கட்டைச் சட்டென்று விரிக்கக்கூடாது, முறிந்துவிடும். எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவதெல்லாம் பழகியவர் செய்ய வேண்டியது. வசம்புத் துண்டை அருகில் வைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

விலை என்று வந்தால், பழமைக்கும் அருமைக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. தடித்த பழைய வேதாகமம் நிறைய மிஞ்சியிருக்கிறது. வீட்டில் மரியாதையாக வைத்திருந்தார்கள். அதே காலத்துப் பாலபாடம் பிள்ளைகள் கையில் கிழிந்து போனது, மிஞ்சியது மிகச் சில. நாவலரின் பாலபாடங்கள் திரும்பத் திரும்ப அச்சானவை, ஆனாலும் ஆரம்பப் பதிப்பு ஒன்றைக் கண்ணால் காண்பது கடினம். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். மெல்லிய அட்டை, மலிவு விலை, கை மாறி மாறி வாசித்துத் தேய்ந்தது. அதன் முதற்பதிப்பு அட்டையோடு கிடைத்தால் வன்னிச் சேகரிப்பில் அதற்கு முன்வரிசைதான். கல்வெட்டுப் பிரசுரங்களுக்குச் சந்தை விலை என்று ஒன்றுமில்லை. அதனாலேயே அவை பழைய இரும்பு, போத்தல் வாங்க வரும் லொறியில் நிறுவைக்கு ஏறி, திருவிழாக் கடையில் கச்சான் சரையாகிவிடுகின்றன.

விற்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்க முன் படியெடுத்துவிடலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையவழி எண்ணிம நூலகம் இவ்வகைச் சிறுபிரசுரங்களையும் ஏற்றுக்கொள்கிறது. புத்தகத்தை அவர்களிடம் விட்டுவர வேண்டும் என்ற கட்டாயமில்லை. படம் எடுக்கும்போது வெற்றுத்தாள், உள்ளட்டை, முத்திரை, செருகியிருந்த துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து எடுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதானால் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டம் குறுக்கே நிற்கும். பழைய கலாசாரப் பொருள்களை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை அது கட்டுப்படுத்துகிறது. ஓலைச் சுவடியை மாமா வந்து போகும்போது சூட்கேசில் கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விமானச் சீட்டு எடுக்க முன்பே தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.